தாத்தாவுக்கு முன்னே யார்? கண்டிச்சீமை போய் வந்த குடும்பங்களின் பூர்வீகம்

3 பிப்ரவரி 2024 | கோத்தகிரி வாசகர்

பூர்வீகம் தேடுவது நிலபுலன் வைத்திருப்பவர்களின் பொழுதுபோக்கு. எங்கள் குடும்பம் 1972இல் கண்டிச்சீமையிலிருந்து, அதாவது இலங்கையின் மலைத் தோட்டங்களிலிருந்து வந்தது. அப்பா தோட்டத் தொழிலாளி, தாத்தாவும் தோட்டத் தொழிலாளி. அதற்கு முன்னே யார் என்று கேட்டால் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. பாஸ்போர்ட்டில் ஏதோ ஓர் ஊர்ப் பெயர் இருக்கிறது. போய்ப் பார்த்தேன், எங்களை அறிந்தவர் எவரும் இல்லை. எங்களைப் போன்றவர்களுக்கு வரலாறு என்று ஒன்று கிடையாது என முடிவு கட்டிவிட்டேன். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

4 பிப்ரவரி, காலை

மறுக்கிறேன். நானும் அதே வழியில் வந்தவன்தான். 1974, தலைமன்னார், ராமானுஜம் கப்பல், மண்டபம் முகாம், பிறகு கூடலூர்ப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டம். எனக்கு அப்போது நான்கு வயது. கப்பலைப் பற்றி நினைவிருப்பது வாந்தி மட்டும்.

பாஸ்போர்ட்டில் உள்ள ஊர்தான் உங்கள் ஊர் என்று யார் சொன்னது? சேரம்பாடித் தோட்டத்தில் நாங்கள் இருந்த, வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் பாதிப் பேருடைய பாஸ்போர்ட்டில் ஒரே ஊர்ப் பெயர், ஒரே தாலுகா. அத்தனை பேரும் ஓர் ஊரிலிருந்து கிளம்பியிருந்தால் அந்த ஊரில் காக்கை கூட மிஞ்சியிருக்காது. நடந்தது வேறு. விண்ணப்பத்தை நிரப்பியவர் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில் வரிசையில் நிற்கும் ஆளிடம் “சொந்த ஊர் என்ன?” என்று கேட்பார். ஆள் விழிப்பான். அவனுடைய பாட்டன் எந்தக் கங்காணியின், அதாவது ஊரிலிருந்து ஆள் சேர்த்துக் கூட்டிப்போன மேஸ்திரியின், கீழ் வந்தானோ, அந்தக் கங்காணியின் ஊரை எழுதிவிட்டு அடுத்தவனைக் கூப்பிடுவார். என் தாத்தா பாஸ்போர்ட்டில் இருப்பதும் கங்காணியின் ஊர்தான். நானும் அங்கே போய்க் கடை கடையாக விசாரித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியவன்தான்.

4 பிப்ரவரி, இரவு

காலையில் ஒன்றை விட்டுவிட்டேன். தாத்தா எங்கே பிறந்தார் என்ற கேள்வியைப் பொழுதுபோக்கு என்கிறீர்கள். உங்கள் குடும்பம் இன்று கோத்தகிரியில் இருப்பதற்குக் காரணமே அந்தக் கேள்விதான்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அந்த ஆண்டு நவம்பர் 15 அன்று இலங்கையில் நடைமுறைக்கு வந்தது. ஏற்கெனவே அந்த மண்ணில் பிறந்திருந்தவனுக்கு அது வைத்த நிபந்தனை என்ன தெரியுமா? உன் தகப்பன் இங்கே பிறந்தவனா? இல்லையென்றால் உன் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்களா? நிரூபி. தோட்டத்து லைன் வீடான லயத்தில் பிறந்த பூட்டனின் பிறப்பை எவன் பதிவு செய்து வைத்தான்? அப்படித்தான் சுமார் 7 லட்சம் பேர் ஒரே சட்டத்தில் நாடற்றவர்களானார்கள். 1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டபோது கணக்கில் இருந்தவர்கள் 9,75,000 பேர். அதில் 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மீதி 1,50,000 பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம். அந்த மிச்சத்தையும் 1974இல் இந்திரா காலத்தில் ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள்.

பூட்டன் பெயர் தெரியாததற்காக ஒரு நாட்டை இழந்த கூட்டம் நாம். நமக்கு வரலாறு இல்லை என்றால் வேறு யாருக்கு இருக்கிறது?

6 பிப்ரவரி

“சரி, எங்கிருந்து தொடங்குவது?” என்று கேட்டிருக்கிறீர்கள். கோபம் தணிந்திருப்பதாக எடுத்துக்கொள்கிறேன்.

குலதெய்வத்திலிருந்து தொடங்குங்கள். ஊர்ப் பெயர் போய்விடும், தாலுகா மாறிவிடும், சாமி மாறாது. என் பாட்டி கார்த்திகையிலும் தை அமாவாசையிலும் அடுப்படி மூலையில் ஒரு விளக்கு ஏற்றி “பெரியண்ணா” என்று கூப்பிடுவாள். எங்கள் வீட்டில் அது யாரோ செத்துப்போன அண்ணன் என்றே எல்லோரும் நினைத்திருந்தோம். அம்மா கூட அப்படித்தான் நினைத்தாள். பாட்டி போய் வெகு காலத்துக்குப் பிறகு, துறையூரில் ஒரு திருமணத்துக்குப் போயிருந்த என் சகலை, பந்தியில் பக்கத்தில் இருந்தவர் கொல்லிமலை மாசி பெரியண்ணசாமியைப் பற்றிப் பேசக் கேட்டிருக்கிறார். அன்று இரவே எனக்குப் போன் வந்தது. அத்தையைக் கேட்டேன். “ஆமாம், மாசியில் பூசை என்று அம்மா சொல்வாள்” என்றாள், ஏதோ சர்க்கரை தீர்ந்துவிட்டது என்கிற குரலில்.

சின்ன எச்சரிக்கை. தோட்டத்தில் முளைத்த சாமிகளைக் குலதெய்வத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். ரோதைமுனி தேயிலை ஆலைக்குக் காவல், கவ்வாத்துச்சாமி தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்து மலைக்கு. அவை அங்கேயே பிறந்து அங்கேயே இருப்பவை. எனக்கு அவை மேலும் பிரியம் உண்டு, அது வேறு விஷயம்.

6 பிப்ரவரி, சற்றுப் பிறகு

புதுக்கோட்டை வாசகருக்கு: உங்கள் கொள்ளுத்தாத்தா 1890இல் தனுஷ்கோடி வரை ரயிலில் போய்க் கப்பல் ஏறினார் என்ற கதை நடக்காது. பாம்பன் பாலம் திறந்தது 1914 பிப்ரவரி. அதற்கு அடுத்த மாதம்தான் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. 1890 என்றால் தோணியில் மன்னார்க் கரைக்குப் போய்க் காட்டுவழியாக நடந்திருப்பார், அல்லது தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் ஏறியிருப்பார். ரயிலில் போனவர் அவருடைய மகனாக இருக்கலாம். இரண்டு தலைமுறையின் பயணத்தை ஒரே ஆளின் தலையில் ஏற்றிவிடுவது எல்லா வீட்டுக் கதைகளிலும் நடக்கிறது.

9 பிப்ரவரி

காட்டுவழி பற்றிக் கேட்டவர்களுக்கு. மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியாக மாத்தளை வரை. காப்பிக் காலத்தில் ஆட்கள் பருவத்துக்குப் போய்ப் பழம் பறித்துவிட்டு ஊர் திரும்புவார்கள், மறுபடி போவார்கள். வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் பசியிலும் விழுந்தவர்களுக்குக் கணக்கு இல்லை. 1840களில் மட்டும் 70,000 பேர் செத்தார்கள் என்று அக்காலக் கொழும்புப் பத்திரிகை ஒன்று எழுதியது. அந்த எண்ணை ஒப்புக்கொள்ளாத ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். எண்ணில் சண்டை இருக்கலாம், செத்ததில் சண்டை இல்லை. 2023இல் மலையக மக்கள், அதாவது தோட்டத் தமிழர்கள், இலங்கைக்குப் போய் 200 ஆண்டு ஆன நினைவாக தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தே போனார்களே, அது இந்தப் பாதையை நினைத்துத்தான்.

1869இல் காப்பிச் செடிக்கு இலைநோய் வந்தது. அடுத்த இருபது வருடங்களில் காப்பி ஒழிந்து தேயிலை மலையேறியது. தேயிலைக்குப் பருவம் கிடையாது, வருடம் முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும். அதனால் குடும்பம் குடும்பமாக ஆள் வேண்டியிருந்தது, பெண்கள் குறிப்பாக வேண்டியிருந்தது. உங்கள் முன்னோர் போய்வருகிறவர்களாக இருந்தது எப்போது, தங்கிவிட்டவர்களாக ஆனது எப்போது என்று பார்க்க இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தங்கிய தலைமுறையிலிருந்துதான் ஊர்ப் பெயர் மங்கத் தொடங்குகிறது.

கழுத்தில் கட்டிய தகர டிக்கெட் பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். உண்மைதான். 1900களின் தொடக்கத்தில் வந்த முறை. தகட்டில் தோட்டத்துக்கு ஓர் எண், ஆளுக்கு ஓர் எண். முகாம் முகாமாக அந்தத் தகட்டைப் பார்த்து ஆளை அனுப்பிவைப்பார்கள், பார்சலைப் போல. உங்கள் வீட்டுப் பெட்டியில் அப்படி ஒன்று கிடந்தால் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிடாதீர்கள்.

10 பிப்ரவரி

என் அண்ணன் மகன், சென்னையில் கணினி வேலை, பூர்வீகம் சொல்லும் மரபணுச் சோதனைக்காகக் குழாயில் எச்சில் துப்பி வெளிநாட்டுக்கு அனுப்பியிருக்கிறான். நல்ல தொகை கொடுத்து. முடிவு வந்துவிட்டது: அவன் தென்னிந்தியன். குடும்பமே கூடி வாழ்த்துச் சொன்னோம்.

13 பிப்ரவரி

தாலுகா விஷயம். பழைய காகிதத்தில் உள்ள ஜில்லாவை இன்றைய வரைபடத்தில் தேடி ஏமாறாதீர்கள். “திருச்சி ஜில்லா, முசிறி தாலுகா” என்றால் இன்றைய துறையூர்ப் பக்கமாகவும் இருக்கலாம். திருச்சி என்று எழுதியிருப்பது இன்று பெரம்பலூரிலோ கரூரிலோ அரியலூரிலோ இருக்கும். பெரம்பலூரும் கரூரும் 1995இல்தான் தனி மாவட்டங்களாயின. புதுக்கோட்டை 1948 வரை தொண்டைமான் சமஸ்தானம், 1974இல்தான் மாவட்டம். ராமநாதபுரம் என்றால் சிவகங்கையையும் விருதுநகரையும் சேர்த்துப் பாருங்கள், அவை பிரிந்தது 1985இல். கோத்தகிரிக்காரரே, நீங்கள் போய்ப் பார்த்த ஊர் சரியான ஊர்தானா? அதே பெயரில் நான்கு ஊர்கள் இருக்கும் நாடு இது. பட்டியும் பாளையமும் இல்லாத தாலுகா எது?

15 பிப்ரவரி

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில நாட்கள் யோசித்தேன்.

துறையூருக்கு அந்தப் பக்கம், மலையடிவாரத்தில் இருக்கும் அந்த ஊருக்கு முதன்முறை போனபோது தேநீர்க் கடையில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். இலங்கை என்றேன், கண்டி என்றேன், பெரியண்ணசாமி என்றேன். கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டம்ளரை நிறுத்திவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: “நீங்கள் எந்தத் தெரு?”

வேரைத் தேடிப் போகிறவர்கள் இந்தக் கேள்விக்குத் தயாராகப் போக வேண்டும். பூர்வீகம் என்றால் ஆற்றங்கரை, ஆலமரம், ஓட்டு வீடு என்று கற்பனை செய்துகொண்டு போவார்கள். கப்பல் ஏறியவர்களில் மிகப் பெரும்பாலோர் நிலமில்லாதவர்கள். பண்ணையில் கடன்பட்டுக் கிடந்தவர்கள், 1876-78 பஞ்சத்தில் எல்லாம் தீர்ந்தவர்கள், ஊருக்கு வெளியே வைக்கப்பட்டவர்கள். சிலர் ஊரைப் பிரியவில்லை, ஊரிலிருந்து தப்பித்தார்கள். தப்பித்த இடத்திலும் கங்காணி ஆட்களைச் சாதி பார்த்துத்தான் லயத்தில் குடிவைத்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஊர்ப் பெயரை என் பாட்டன் மறந்துபோனாரா, மறந்துவிட முடிவெடுத்தாரா என்ற சந்தேகம் அந்தக் கடை பெஞ்சில்தான் எனக்கு முதலில் வந்தது.

கடைக்காரருக்கு என்ன பதில் சொன்னேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. சொன்னேன். அவர் கை காட்டினார். நடந்தேன்.

15 பிப்ரவரி, இரவு

கேட்டுவிட்டீர்கள், சொல்லிவிடுகிறேன். போன இடத்தில் பங்காளிகள் கும்பிடும் சிறு கோயில். தகரக் கூரை, மூன்று கல், நான்கைந்து வேல். பூசாரிக்கு என் வயதுதான் இருக்கும். பங்காளிகள் கோயிலுக்குக் கொடுக்கும் வரியை எழுதிய நோட்டு இருக்கிறதா என்று கேட்டேன். அதைத்தான் கேட்க வேண்டும் என்று யாரோ எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வீட்டுப் பரணிலிருந்து இறக்கினார். நீளவாட்டில் கட்டிய கணக்கு நோட்டுகள், சிவப்புத் துணி அட்டை, ஓரம் முழுதும் கரையான் அரித்தது. தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, ஒரு வரி எழுத்து. வருடம் தமிழ்க் கணக்கில். மை பழுப்பேறி, சில இடங்களில் தாளே மையோடு போயிருந்தது.

பார்த்திப வருடம் மாசி மாதத்துப் பக்கத்தில், கடைசிக்கு மேல் வரியில், என் தாத்தா பெயர். பக்கத்தில் “கண்டி” என்று எழுதி, தொகை போட்டு, “நேரில்” என்று முடித்திருந்தது. அடுத்த பக்கம் விய வருடம். அங்கேயும் தாத்தா பெயர், கண்டி, நேரில். அதற்கடுத்த வருடத்திலிருந்து பெயர் மட்டும் வருகிறது, தொகை இல்லை. சில வருடங்களுக்குப் பிறகு பெயருக்குப் பதிலாகக் “கண்டிக்காரர் வகையறா” என்று ஒரு வரி. அந்த வரியை யாரும் அடிக்கவில்லை. கடைசி நோட்டு வரை, கைமாறி எழுத்து மாறினாலும், காலியாக அது வந்துகொண்டே இருக்கிறது.

16 பிப்ரவரி

பார்த்திபவும் வியவும் எந்த ஆண்டுகள் என்று கேட்டவருக்கு: பார்த்திப 1945-46, விய 1946-47. இரண்டிலும் மாசி என்றால் 1946 பிப்ரவரி-மார்ச், 1947 பிப்ரவரி-மார்ச்.

இது ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். 1949இல் இலங்கை இன்னொரு சட்டம் கொண்டுவந்தது, இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டம். இத்தனை ஆண்டுகள் இடைவிடாமல் இலங்கையில் வசித்ததை நிரூபித்தால் குடியுரிமை. இடையில் ஒரே மூச்சில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வெளியே இருந்தால் தொடர்ச்சி அறுந்தது என்று பொருள். 8 லட்சத்துக்கும் அதிகமானோருக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. தாத்தாவின் விண்ணப்பம் தள்ளுபடி. தொடர் வதிவு நிரூபிக்கப்படவில்லை என்ற கடிதம் அத்தையின் டிரங்குப் பெட்டியில் இன்றும் இருக்கிறது. எங்கள் வீட்டில் அதைக் காலமெல்லாம் அதிகாரியின் அநியாயம் என்றுதான் பேசிக்கொண்டிருந்தோம்.

தாத்தா ஊருக்குப் போயிருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனது என்று அத்தைக்கு மங்கலாகத் தெரியும். போனவர் இரண்டு மாசிப் பூசை பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். கைக்குழந்தையோடு கொழுந்துக் கூடை சுமந்தவள் பாட்டி. அந்த ஊர்ப் பெயரை அவள் ஏன் வாயால் சொல்லவில்லை என்பதற்கு எனக்கு இப்போது ஒரு காரணம் இருக்கிறது. சாமியை வைத்துக்கொண்டாள், ஊரை விட்டுவிட்டாள்.

சட்டம் அநியாயமா என்றால் அநியாயம்தான். தாயைப் பார்க்கப் போனவனிடம் நாள் கணக்குக் கேட்கும் சட்டம் வேறு என்ன?

17 பிப்ரவரி

“இரண்டு மாசியிலும் நேரில் இருந்தார் என்றால் நடுவில் ஒருமுறை இலங்கைக்குப் போய்த் திரும்பியிருக்கலாமே?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வக்கீலாக இருப்பார். இருக்கலாம். நோட்டு இரண்டு நாட்களுக்குத்தான் சாட்சி. தோட்டக் கூலியின் கையில் ஒரு வருடத்தில் இரண்டு முறை கடல் கடக்கக் காசு இருந்தது என்று நீங்கள் நம்பினால் நான் தடுக்கவில்லை.

20 பிப்ரவரி

திசை மாறுகிறது என்று தெரியும், இருந்தாலும் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. எங்கள் வீட்டில் இன்றும் காலையில் தேங்காய் ரொட்டிதான், இடித்த மிளகாய்த் துவையலான கட்டைச் சம்பலோடு. மாசிக் கருவாடு யாராவது அங்கிருந்து கொண்டுவந்தால் அன்று திருவிழா. பாலில்லாத தேநீரான சாயத்தண்ணீரை உள்ளங்கையில் சீனி வைத்து நக்கிக்கொண்டே குடிப்பார் அப்பா. கூடலூர்ப் பள்ளியில் சோற்று டப்பாவுக்குப் பதில் ரொட்டி கொண்டுபோனதால் எங்களைப் பிள்ளைகள் எளிதில் அடையாளம் கண்டார்கள். அங்கே தோட்டக்காட்டான், இங்கே சிலோன்காரன். மாலையானால் பாதி லைன் வீடுகளில் இலங்கை வானொலி பாடும். இங்கே வந்த பிறகும் அலைவரிசை மாறவில்லை.

துறையூர்ப் பங்காளி வீட்டில் எனக்குக் கம்மஞ்சோறு போட்டார்கள். மரியாதைக்குச் சாப்பிட்டேன். என் நாக்குக்குப் பூர்வீகம் இலங்கைப் பொகவந்தலாவைதான்.

24 பிப்ரவரி

சில நாட்களாக ஒன்று உறுத்துகிறது. குலதெய்வத்திலிருந்து தொடங்குங்கள் என்று எழுதியிருந்தேன். அது சரிதான், ஆனால் அது ஆண்வழியை மட்டும் காட்டும் விளக்கு. பங்காளி நோட்டில் பெண் பெயர் ஒன்று கூட இல்லை. என் அம்மாவின் ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள்? அவளுடைய அம்மா? கல்யாணம் ஆனவுடன் புருஷன் வீட்டுச் சாமியைக் கும்பிடத் தொடங்கிவிடுகிறார்கள், ஒரு தலைமுறையில் தடம் மறைந்துவிடுகிறது. மலையில் ஆண்களைவிடப் பெண்கள்தான் அதிகம் உழைத்தார்கள். தேயிலையே அவர்கள் விரலில்தான் ஓடியது. அவர்களைத் தேட ஒரு நோட்டு இல்லை.

இலங்கையில் மஸ்கெலியாவில் இருக்கும் என் சித்தி ஒரு வழி சொன்னாள். ஒப்பாரியைக் கேள் என்றாள். செத்தவள் பெண்ணாக இருந்தால், பிறந்த வீட்டைப் புகழ்ந்து, அண்ணன் தம்பிகளை வரிசையாக அழைத்து, பிறந்த ஊரைச் சொல்லித்தான் பாடுவார்கள். பாட்டியின் அம்மாவுக்குப் பாடிய ஒப்பாரியில் இரண்டு வரி சித்திக்கு நினைவிருக்கிறது. அதில் குளித்தலை வருகிறது. எதுகைக்காக வந்த ஊரா, உண்மையில் அவள் ஊரா என்று தெரியாது. இருந்தாலும் எழுதி வைத்துக்கொண்டேன். உங்கள் வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய பெண்கள் இருந்தால் இந்த வாரமே போய் உட்காருங்கள். போனில் கேட்டால் பாட மாட்டார்கள், நல்ல காரியம் நடக்கும் வீட்டிலும் பாட மாட்டார்கள். வேறு யாராவது செத்த கதையைப் பேச்சுவாக்கில் எடுக்க வேண்டும், தானாக வரும்.

27 பிப்ரவரி

“இவ்வளவும் கண்டுபிடித்த பிறகு எந்த ஊர் உங்கள் ஊர் என்று தோன்றுகிறது?” கோத்தகிரிக்காரரின் கேள்வி. குத்தலாகக் கேட்கவில்லை என்று நம்புகிறேன்.

துறையூர் மலையடிவாரத்தில் எனக்கு ஒரு வரி இருக்கிறது, அதுவும் காலியாக. நல்ல மனிதர்கள், சோறு போட்டார்கள், ஆனால் அங்கே எனக்கு யாரும் கதை சொல்லவில்லை. கொல்லிமலையைப் பார்த்தபோது மனம் பெரிதாக அசையவில்லை. இலங்கைத் தோட்டத்துக்குப் பெரியவனான பிறகு ஒருமுறை போனேன். நாங்கள் இருந்த லயத்தில் வேறு குடும்பம், அதே சுவர், அதே தகரம். அங்கே வயிறு பிசைந்தது. 1973-74இல் அந்த லயத்தில்தான் அரிசியும் மாவும் இல்லாமல் கிடந்தோம். மலையகம் முழுக்க ஆட்கள் பட்டினியில் விழுந்த காலம். ஒப்பந்தம் எங்களை அனுப்பியது என்று புத்தகத்தில் எழுதுகிறார்கள். அப்பாவைக் கேட்டால் பசி அனுப்பியது என்பார். கூடலூரில் வாழ்ந்த வருடங்கள்தான் அதிகம், ஆனால் எங்கள் வீட்டு மனைக்கு இன்றுவரை பட்டா இல்லை. கூடலூரின் ஜமீன் போன்ற ஜென்ம நிலங்களை ஒழிக்க வந்த 1969ஆம் ஆண்டு ஜென்மச் சட்டத்தில் மாட்டிக்கொண்ட நிலம்.

ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்றால் மண்டபம் என்று சொல்வேன். சிரிக்காதீர்கள். போகும்போது எங்கள் ஆட்களைத் தனிமை முகாமில் வைத்துக் காய்ச்சல் பார்த்து அனுப்பியது அங்கேதான். திரும்பும்போது குடும்ப அட்டை கொடுத்து, கைச்செலவுக்குக் காசும் ரயில் டிக்கெட்டும் கொடுத்து, “உங்களுக்கு நீலகிரி” என்று பிரித்துவிட்டதும் அங்கேதான். 1983க்குப் பிறகு அகதிகளாக வந்தவர்கள் இறங்கியதும் அங்கேதான். ஊர் என்று சொல்ல அங்கே ஒன்றும் கிடையாது, மணலும் கருவேலமும்தான். ஆனால் என் வம்சத்தில் ஒவ்வொரு தலைமுறையும் கால் வைத்த மண் என்றால் அது ஒன்றுதான். ராமேஸ்வரம் போகும்போது பஸ் அந்த இடத்தைத் தாண்டுகையில் பேச்சை நிறுத்திவிடுவேன். பக்கத்தில் இருப்பவர்கள் பக்தி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

2 மார்ச்

கோத்தகிரிக்காரருக்குப் பாராட்டு. உங்கள் அத்தை இலங்கையிலிருந்து பிறப்புச் சான்றிதழைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார் அல்லவா, அதில் நீங்கள் பார்க்காமல் விட்ட கட்டம் ஒன்று உண்டு. தகப்பன் விவரத்துக்குக் கீழே, பாட்டன் இலங்கையில் பிறந்திருந்தால் பிறந்த ஆண்டும் இடமும் என்று கேட்டிருக்கும். பூட்டனுக்கும் ஒரு கட்டம் இருக்கும். நம் குடியுரிமையை அளப்பதற்காக வைத்த கட்டங்கள் அவை, ஆனால் நிரம்பியிருந்தால் நமக்குத்தான் லாபம். உங்களுடையதில் பாட்டன் பிறந்த தோட்டத்தின் பெயர் எழுதியிருக்கிறது, படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அந்தத் தோட்டத்துக்கு ஆட்களுக்குள் வழங்கும் தமிழ்ப் பெயர் வேறாக இருக்கும், அதை அத்தையிடம் கேளுங்கள். பிறகு அந்தத் தோட்டத்தில் எந்தக் கங்காணியின் ஆட்கள் இருந்தார்கள் என்று விசாரியுங்கள். நீங்கள் போய்ப் பார்த்த ஊர் அவனுடைய ஊராக இருந்தால் வியப்பில்லை.

இன்னொன்று. அத்தையின் பெயரனுக்கு எந்தத் தாத்தாவின் பெயரை வைத்திருக்கிறார்கள்? ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை பெயர் திரும்பும். அதைப் பிடித்தால் இன்னும் ஒரு படி மேலே ஏறலாம்.

11 மார்ச்

சிவராத்திரிக்குத் துறையூர்ப் பக்கம் போய் வந்தேன், அக்காவும் வந்தாள். கூட்டத்தில் ஒரு பெரியவர், எனக்குச் சித்தப்பா முறையாம், நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, விய வருடத்துக்குப் பிறகு எங்கள் வகையறா வைத்திருக்கும் வரிப் பாக்கியைக் கூட்டத் தொடங்கிவிட்டார். எழுபத்தைந்து வருடத்துக்கும் மேலே. வட்டி வேண்டாம் என்று பெருந்தன்மையாகச் சொன்னார். பூசாரி நடுவில் புகுந்து, கூரை மாற்றச் செலவில் ஒரு பங்கு கொடுத்தால் பாக்கி தீர்ந்ததாக வைத்துக்கொள்ளலாம் என்று பேசி முடித்தார். கொடுத்தேன். தொகை எழுதினார்கள். தாத்தா பெயருக்குப் பதில் என் பெயரைப் போடட்டுமா என்று கேட்டதற்கு, வகையறா என்றே இருக்கட்டும், தம்பிகளும் இருக்கிறார்கள் என்றேன்.

பணத்தில் பாதி அக்காவுடையது. அவள் தன் பெயரையும் எழுதச் சொன்னாள். பெண்களுக்கு வரி கிடையாது, அதனால் பெயரும் கிடையாது என்றார் சித்தப்பா. “சித்தப்பா, வரி கிடையாது என்றால் என் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்” என்றாள். கூரைக்குத் தகரம் வாங்க ஆள் ஏற்கெனவே பணத்தோடு துறையூருக்குக் கிளம்பியிருந்தான். அடுத்த பங்காளிக் கூட்டத்தில் பேசி முடிவெடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அக்கா அதற்கும் வருவேன் என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.